புள்ளிக்கோடு

வாழைத்தோட்டத்தில், நீதிமன்றத்துக்குப் பின்சந்தில்,
ஜெஸீல் ஹாஜியாரின் அச்சகத்தில்
இந்த வாரம் மலேரியா அட்டை.
ஒரு இலட்சத்து இருபதாயிரம் பிரதி.
கப்பல் வெள்ளிக்கிழமை.

மடித்தால் பணப்பை அளவு.
விரித்தால் மூன்று சூரியன், மூன்று நாள்,
நாளுக்கு எட்டுக் குளிசை.
வாசிக்கத் தெரியாதவருக்குப் படம்.
தெரிந்தவருக்கு இரண்டு மொழி:
ஒன்று பிரெஞ்சு,
மற்றதன் பெயர்கூட எனக்குத் தெரியாது.
எழுத்தெழுத்தாய் விரல் வைத்து ஒப்புநோக்குகிறேன்,
அடுத்தவன் கடன் பத்திரத்தைப் பார்ப்பதுபோல.

கீழ் மூலையில் விலை.
பத்தில் ஒன்பது பங்கை
எங்கேயோ ஒரு நிதியம் கட்டிவிட்டதாம்.
மிச்சப் பங்கைக் காய்ச்சல்காரர் கொடுக்கவேண்டும்,
பஸ் போகாத ஊரில்,
சவர்க்காரத்துக்கும் டோர்ச் பட்டரிக்கும் நடுவே
மருந்து விற்கும் கடையில்.

"நடக்கிற காரியமா?" என்கிறார் ஹாஜியார்.
"கடைக்காரன் வெலைக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டுவான்.
நம்மட பாமசியில ஒட்டல்லயா?"
ஒட்டுகிறார்கள்.
போன மாதம் வெள்ளவத்தையில் வாங்கிய இருமல் பாணியில்
நகத்தால் உரித்துப் பார்த்தேன்.
கீழே இன்னொரு ஸ்டிக்கர்.

எனக்குப் பயம் அதில் இல்லை.
சூரியனுக்கும் சூரியனுக்கும் இடையே
ஒரு புள்ளிக்கோடு ஓடுகிறது.
மெல்ல மடித்தால் கிழியும்,
முத்திரை கிழிவதுபோல.

தொண்ணூற்றாறு, மல்லாவி.
கிடங்கெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் நுளம்பு.
பாதை பூட்டியிருந்தது.
அருமைநாயகத்தின் தகரக் கடையில்
குளோரோகுயின் ஒரேயொரு பட்டை.
முதல் நாள் நாலு, இரண்டாம் நாள் நாலு, மூன்றாம் நாள் இரண்டு:
ஒரு ஆளுக்குப் பத்து.
அம்மாவிடம் பத்துக்குக் காசும் இருந்தது,
தோடு விற்ற காசு.
அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.
நாலை வெட்டி எங்களுக்கு,
மூன்றை வெட்டி எங்களுக்குப் பின்னால் நின்றவருக்கு,
மூன்றை அவருக்கும் பின்னால் நின்ற பெண்ணுக்கு.
பழைய விலைக்கு மேல் ஒரு சதம் கேட்கவில்லை.

அவரைக் கொள்ளைக்காரன் என்று சொல்ல
எத்தனையோ தரம் முயன்றிருக்கிறேன்.
வாய் வரவில்லை.
நீதியாகத்தான் வெட்டினார்.

அண்ணனுக்கு மூன்றாம் நாள் வியர்த்தது.
நாலாம் நாள் பந்தடித்தான்.
பதினோராம் நாள்

இங்கே ஒரு வரி விடுபட்டிருப்பதாக
வேறொருவர் என்றால் குறித்திருப்பார்.

இந்த நாட்டில் இப்போது அந்தக் காய்ச்சல் இல்லை.
சான்றிதழும் வாங்கியாயிற்று.
என் மேசையில்தான் இருக்கிறது, நாலு நிறத்தில்,
புரூஃபாக.

சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதினேன்:
இந்தப் புள்ளிக்கோடு எதற்கு?
"பிழை திருத்தத்தானே உமக்குச் சம்பளம்,
வடிவத்தில கைவைக்காதீர்" என்றார் ஹாஜியார்.
ஆனாலும் அனுப்பினார்.

புதன்கிழமை பின்னேரம் பதில் வந்தது, ஒரே வரி:
அழகுக்காகப் போட்டது. எடுத்துவிடலாம்.

அழகுக்காக.

லயனல் குறட்டை எடுத்து
வெட்டுப்பலகையிலிருந்து பல்வைத்த தகடுகளைப் பிடுங்கினான்.
ஒவ்வொன்றும் விரல் நீளம்.
கையில் வாங்கிப் பார்த்தேன்.
"மிஸ், வீட்டுக்கு எதுக்கு?" என்றான் தன் தமிழில்.
சொல்லத் தெரியாமல் கடதாசியில் சுற்றிப் பையில் போட்டேன்.

எனக்குத் தெரியும், அங்கேயும் கத்தரிக்கோல் இருக்கும்.
ஒரே ஒரு அட்டையும்
மூன்று வீட்டுக் காய்ச்சலும் வந்து நிற்கிற நாள்
அந்தக் கடைக்காரருக்கும் வரும்.
குறைந்த விலை அன்றைக்கு அவருக்கு உதவாது.
இன்னும் இரண்டு அட்டை தட்டில் இருந்தால் உதவும்.

அதனால்தான்
ஒரு இலட்சத்து இருபதாயிரம் போதுமா என்று
கேட்க ஆளில்லாமல்
மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.
தாள்கள் விழுகின்றன,
முழுசாக,
ஒன்றின் மேல் ஒன்று.